கசடோச்சி 2008: கடலில் சாம்பல் விழுந்ததும் அதற்குப் பிறகு நடந்ததும்

அலாஸ்காவின் அலூஷியன் தீவு வரிசையில் கசடோச்சி என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அகலம் மூன்று கிலோமீட்டர்தான். தீவே ஒரு எரிமலை. நடுப்பள்ளத்தில் ஓர் ஏரி, சரிவுகளில் லட்சக்கணக்கில் ஆக்லெட் என்ற கடற்பறவைகள். 2008 ஆகஸ்ட் முதல் வாரத்தில் அங்கே இருந்த மனிதர்கள் இரண்டே பேர். பறவைகளை ஆராய வந்து தங்கியிருந்த உயிரியலாளர்கள் அவர்கள். நிலம் நிற்காமல் குலுங்கத் தொடங்கியதும் வேறொரு தீவிலிருந்து மீன்பிடிப் படகு ஒன்று போய் இருவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. ஆகஸ்ட் 7 அன்று, அவர்கள் கிளம்பிய சற்று நேரத்துக்கெல்லாம், எரிமலை வெடித்தது.

சாம்பல் 15 கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலே போனது. கூடவே 10 லட்சம் டன்னுக்கும் அதிகமான கந்தக டை ஆக்சைடு. அலாஸ்கா பக்கம் விமானங்கள் ரத்தாயின. எரிமலை ஆய்வாளர்களின் கவனம் கந்தகத்தின் மேல் இருந்தது. ஆனால் இந்த வெடிப்பு இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அது கடலுக்குச் செய்த வேலை. சாம்பல் விழுந்த சில நாட்களில் வடகிழக்குப் பசிபிக்கின் பெரும்பரப்பில் நுண்பாசிகள் பெருகி, செயற்கைக்கோள் படங்களில் பச்சையம் சட்டென்று ஏறியது. அந்தக் கடல் பகுதியில் பதிவான மிகப் பெரிய பாசிப் பெருக்கங்களில் அது ஒன்று.

காற்று வழியாக வரும் சத்து கடலை வளர்க்கும் என்பதற்கு இவ்வளவு தெளிவான இயற்கைச் சான்று அரிது. ஆனால் இதே நிகழ்வை ஆதாரமாகக் காட்டி வேறு இரண்டு முடிவுகளுக்கும் ஆட்கள் தாவினார்கள்: பாசி பெருகினால் காற்றிலுள்ள கரியமிலவாயு குறையும், பாசி பெருகினால் மீன் பெருகும். காற்று வழிச் சத்து கடலை வளர்க்கும் என்ற கூற்றுக்கு இருக்கும் ஆதாரத்தின் பலம் இந்த இரண்டுக்கும் இல்லை. அந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

இரும்புக்கு ஏங்கும் கடல்

அலாஸ்கா வளைகுடாவின் நடுப்பகுதி பல பத்தாண்டுகள் கடலியலாளர்களைக் குழப்பிய இடம். அங்கே மேற்பரப்பு நீரில் கோடையிலும் நைட்ரேட் மிச்சமிருக்கும். வெளிச்சமும் உண்டு. ஆனாலும் பாசி வளராது. பச்சையத்தின் அளவு வருடம் முழுதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கும். உரம் இருந்தும் பயிர் இல்லை. கோப்பிபோடு போன்ற, நீரில் மிதந்து வாழும் சின்னஞ்சிறு விலங்குகள் பாசியை முளைக்க முளைக்க மேய்ந்துவிடுகின்றன என்பது நெடுநாள் சொல்லப்பட்ட விளக்கம். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முழு விளக்கம் அது இல்லை.

இந்த இடத்தைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. வடக்கே 50 பாகை, மேற்கே 145 பாகையில் ‘பி நிலையம்’ என்று ஒரு புள்ளி. வானிலைக் கப்பல் ஒன்றை நடுக்கடலில் நிறுத்தி வைப்பதற்காகக் குறிக்கப்பட்ட இடம் அது. கனடா 1981 வரை அங்கே மாறி மாறிக் கப்பல்களை நிறுத்தி வைத்தது. கப்பல்கள் போன பிறகும் வருடத்துக்குச் சில முறை ஆய்வுப் பயணங்கள் தொடர்கின்றன. 2007இல் அமெரிக்கா அங்கே ஒரு மிதவையை நங்கூரமிட்டது. கடல்நீரிலுள்ள கரியமிலவாயுவையும் அமிலத்தன்மையையும் அது நாள் தவறாமல் அளந்தது. அதற்கு அடுத்த வருடமே சாம்பல் வந்தது. கருவி முன்கூட்டியே அங்கே இருந்ததுதான் சாம்பலைப் பற்றிப் பின்னர் வந்த ஆய்வின் பெரிய பலம்.

பி நிலையத்தின் புதிரை அவிழ்த்தவர் ஜான் மார்ட்டின். கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்தில் இருந்தவர். முந்தைய அளவீடுகள் பெரும்பாலும் பயனற்றவை என்பது அவருக்குப் புரிந்தது. இரும்புக் கப்பலில் இருந்து, இரும்புக் கம்பியில் இறக்கிய பாத்திரத்தில் நீர் எடுத்து அதில் இரும்பை அளந்தால் என்ன கிடைக்கும்? கப்பலின் துருதான் கிடைக்கும். துளி உலோகமும் படாமல் நீரை எடுக்கும் முறையைப் பின்பற்றி அளந்தபோது, அந்தக் கடலின் மேற்பரப்பில் இரும்பு அநேகமாக இல்லவே இல்லை என்று தெரிந்தது. ஒரு லிட்டரில் சில நானோகிராம், அவ்வளவுதான். அதே நீரைச் சுத்தமான குடுவைகளில் பிடித்து, சிலவற்றில் மட்டும் மிகச் சிறிது இரும்பைச் சேர்த்து வைத்தார்கள். இரும்பு சேர்த்த குடுவைகளில் பாசி பெருகி நைட்ரேட்டைத் தின்று தீர்த்தது. மார்ட்டினும் ஸ்டீவ் ஃபிட்ஸ்வாட்டரும் இதை 1988இல் வெளியிட்டார்கள்.

நெல் பயிரிடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். யூரியாவை எவ்வளவு போட்டாலும் வயலில் துத்தநாகம் இல்லையென்றால் நாற்று வெளுத்துப் போய் நிற்கும்; ஒரு கை துத்தநாக சல்பேட் விழுந்தால் தேறிவிடும். நைட்ரேட்டைத் தனக்குள் எடுத்துப் பயன்படுத்தவும், ஒளிச்சேர்க்கையை நடத்தவும் பாசிக்கு இரும்பு வேண்டும். தேவை சொற்பம்தான்: ஓர் இரும்பு அணுவை வைத்துப் பல்லாயிரம் கார்பன் அணுக்களைக் கட்டிவிடும். ஆனால் அந்த ஓர் அணுவும் கிடைக்காத இடம் இது.

ஏன் கிடைக்காது? ஆக்சிஜன் நிறைந்த, சற்றே காரமான கடல்நீரில் இரும்பு கரைந்து நிற்காது. துருவாகித் திரண்டு அடியில் போய்விடும். கரைக்குப் பக்கத்தில் ஆறுகளும் கடல்தரையும் ஈடுகட்டும். நடுக்கடலுக்கு அந்த வழி எளிதில் எட்டாது. அடியாழத்து நீர் மெதுவாக மேலே கலப்பது ஒரு வழி, கரையிலிருந்து பிரிந்து வரும் நீர்ச்சுழல்கள் இன்னொரு வழி, மூன்றாவது காற்று. 2001 ஏப்ரலில் கோபி பாலைவனத்தின் புழுதிப் புயல் ஒன்று பசிபிக்கைக் கடந்து இங்கே வந்தது. தற்செயலாக அப்போது பி நிலையத்துக்கு அருகே தானியங்கி மிதவைகள் மிதந்துகொண்டிருந்தன. புழுதி கடந்து போன பிறகு நீரில் உயிர்ப்பொருள் ஏறத்தாழ இரண்டு மடங்கானதை அவை பதிவு செய்தன. காற்றுக்கும் கடலுக்கும் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு என்பது ஆக 2008க்கு முன்பே தெரியும்.

சாம்பல் எப்படி உரமாகிறது

எரிமலைச் சாம்பலுக்கும் அடுப்புச் சாம்பலுக்கும் சம்பந்தம் இல்லை. அது தூளாய் நொறுங்கிய பாறையும் கண்ணாடியும். அந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் இரும்பு எளிதில் வெளியே வராது. பாசிக்கு அதனால் உடனடிப் பயன் இல்லை. மாற்றம் நடப்பது புகைத்தூணுக்குள். வெடிப்போடு வரும் கந்தக வாயுவும் ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரஜன் புளோரைடும் நீராவியோடு சேர்ந்து அமிலமாகி, பறக்கும் துகள்களின் மேல் படிகின்றன. அமிலம் துகளின் மேல்தோலை அரிக்கிறது. அரித்து வந்த உலோகங்கள் உப்புகளாக அதே துகளின் மேல் மெல்லிய பூச்சாக உறைகின்றன. துகள் கடலில் விழுந்தவுடன் அந்த உப்புப் பூச்சு கரைகிறது. ஆய்வகத்தில் புதிய சாம்பலைக் கடல்நீரில் போட்டுப் பார்த்தால், கரையக்கூடிய இரும்பில் பெரும்பங்கு நிமிடங்களிலும் மணிகளிலும் வெளியேறிவிடுகிறது. துகள் அப்புறம் மூழ்கிப் போனாலும் வேலை முடிந்தாயிற்று.

எவ்வளவு இரும்பு போதும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆகஸ்டில் அந்தக் கடலில் காற்றும் அலையும் கலக்கிவிடும் மேலடுக்கு மெல்லியது. 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்புக்குக் கீழே 30,000 லிட்டர் நீர். அதில் இரும்பின் செறிவை லிட்டருக்கு ஒரு நானோமோல், அதாவது 56 நானோகிராம், உயர்த்த வேண்டும் என்றால் மொத்தம் 2 மில்லிகிராம் இரும்புகூட வேண்டாம். இந்தக் கடலுக்கு ஒரு நானோமோல் என்பது பெரிய விருந்து. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய சாம்பல் படிவம்கூட இங்கே ஏன் வேலை செய்தது என்பது இந்தக் கணக்கிலேயே விளங்குகிறது.

இன்னொரு தற்செயலும் உதவியது. சாதாரணமாக எரிமலைப் புகை காற்றின் போக்கில் ஒரு குறுகிய பட்டையாக இழுபட்டுப் போகும். அந்த நேரத்தில் வளைகுடாவின் மேல் நின்ற காற்றழுத்தத் தாழ்வு சாம்பலைச் சுழற்றிப் பரப்பிவிட்டது. ஆகஸ்ட் மாதம், போதிய வெயில், மெல்லிய மேலடுக்கு, மிச்சமிருக்கும் நைட்ரேட், விரிந்த பரப்பு. மனிதர் திட்டமிட்டு ஒரு சோதனை நடத்தினால்கூட இத்தனை சாதகங்கள் ஒன்றாக அமையாது.

சான்றுகள்

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட்டா ஹாமே தலைமையிலான குழு 2010இல் இதைத் தொகுத்து வெளியிட்டது. அந்த ஆய்வு எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், அது செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி நிற்காததுதான். வானிலிருந்து பார்க்கும் கருவி நீரின் நிறத்தைத்தான் பார்க்கிறது. நீரில் மிதக்கும் சாம்பலே நிறத்தை மாற்றி ஏமாற்றக்கூடும். படம் பச்சையாக இருக்கிறது என்பதற்காகப் பாசி வளர்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

பி நிலையத்து மிதவை இங்கேதான் கைகொடுத்தது. சாம்பல் விழுந்த சில நாட்களில் நீரின் கரியமிலவாயு இறங்கத் தொடங்கியது, பிஎச் ஏறியது, அதாவது அமிலத்தன்மை குறைந்தது. பாசி ஒளிச்சேர்க்கை செய்து கார்பனை இழுத்தால் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கும். சாம்பலின் அமிலம் காரணமாக இருந்திருந்தால் பிஎச் இறங்கியிருக்க வேண்டும். அடியாழத்து நீர் கலந்து இரும்பைக் கொண்டுவந்திருந்தால், அந்த நீரில் கரியமிலவாயு அதிகம் என்பதால் மேலே அளவு கூடியிருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறு. நீரில் பச்சையத்தின் ஒளிர்வை அளந்த கருவியும் அதே நாட்களில் ஏற்றத்தைக் காட்டியது. அந்த ஆகஸ்டில் வழக்கமான ஆய்வுப் பயணத்தில் இருந்த கப்பல் எடுத்த மாதிரிகளில் டயாட்டம் என்ற பாசி வகையின் பங்கு கூடியிருந்தது. இரும்பு கிடைத்தால் முந்திக்கொண்டு வளர்வது அந்த வகைதான். பி நிலையத்துக்கு அருகே 2002இல் கனடியர்கள் வேண்டுமென்றே இரும்பு தூவி நடத்திய சோதனையிலும் அதுவே பெருகியது.

கோபிப் புழுதி இளவேனில் காலத்தின் சமாச்சாரம், ஆகஸ்டில் வருவது வழக்கமில்லை. கரைச் சுழல்கள் திட்டுத் திட்டாகத்தான் வரும். இவ்வளவு பெரிய பரப்பு ஒரே நேரத்தில் எழுந்ததை அவற்றால் விளக்க முடியாது. சாம்பல்தான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கார்பன் கணக்கு

சரி, இவ்வளவு பெரிய பெருக்கம் காற்றிலிருந்து எவ்வளவு கார்பனை இழுத்தது? ஹாமே குழுவின் மதிப்பீடு சுமார் 1 கோடி டன். கேட்கும்போது பெரிய எண். ஆனால் அந்த ஆண்டில் உலகம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியேற்றிய கார்பன் 850 கோடி டன்னுக்கும் மேல். மணிக்குச் சுமார் 10 லட்சம் டன். ஒரு எரிமலை, ஒரு புயல், பரந்த கடல், உகந்த பருவம் எல்லாம் சேர்ந்து இழுத்தது மனிதர்களின் பத்து மணி நேரப் புகையை.

அந்த 1 கோடி டன்னும் அடியில் போய்த் தங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. பாசியை மேய்கிறவை மேய்ந்து மூச்சுவிடுகின்றன. செத்த பாசியைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. கார்பனில் பெரும்பங்கு மேலடுக்கிலேயே திரும்பவும் வாயுவாகிவிடுகிறது. 2002 சோதனையில் இதைக் கூர்ந்து அளந்தார்கள். பாசி நன்றாகவே பெருகியது. பிறகு டயாட்டம் தன் ஓட்டைக் கட்டத் தேவையான சிலிக்கா தீர்ந்தது, பெருக்கம் சரிந்தது. ஆழத்தில் வைத்த பொறிகளில் வந்து விழுந்த கார்பன், மேலே உருவானதில் சிறு பகுதிதான். இரும்பு என்ற முட்டுக்கட்டை விலகியதும் சிலிக்கா அடுத்த முட்டுக்கட்டையாக வந்து நின்றது.

அந்த அடுத்த முட்டுக்கட்டை எது என்பது கடலுக்குக் கடல் மாறும். 2010இல் ஐஸ்லாந்தின் எய்யாஃபியாட்லயோகுட்ல் எரிமலையின் சாம்பல் அருகிலுள்ள அட்லாண்டிக் பகுதியில் விழுந்தது. அங்கேயும் இரும்பு கிடைத்ததும் பாசி தலையெடுத்தது. ஆனால் அந்தக் கடலில் மிச்சமிருந்த நைட்ரேட் குறைவு. சீக்கிரமே தீர்ந்துபோய், பெரிதாக ஒன்றும் நடக்காமல் அடங்கியது. சாம்பலில் நைட்ரேட் கிடையாது. காற்று கொண்டுவரும் சத்து எது, கடலில் குறையும் சத்து எது என்ற இரண்டும் பொருந்தினால்தான் காரியம் நடக்கும்.

சால்மன் கதை

2010 கோடையின் முடிவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபிரேசர் ஆற்றுக்கு, கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சாக்கை சால்மன் மீன்கள் சுமார் 3 கோடி வந்தன. 1913க்குப் பிறகு அப்படி ஒரு வரத்தை யாரும் பார்த்ததில்லை. முந்தைய ஆண்டு வந்தவை 15 லட்சம் அளவில்தான். மீன் காணாமல் போனதே என்று கனடா அரசு நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்திருந்தது. ஆணையம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு நிரம்பி வழிந்தது.

என்ன காரணம்? 2012இல் டிமோதி பார்சன்ஸும் ஃபிராங்க் விட்னியும் கசடோச்சியைச் சுட்டிக்காட்டினார்கள். 2010இல் திரும்பிய மீன்கள் 2008 இளவேனிலில் குஞ்சுகளாகக் கடலுக்குள் இறங்கியவை. அதே கோடையில் சாம்பல் விழுந்தது, டயாட்டம் பெருகியது, உணவுச் சங்கிலி செழித்தது, குஞ்சுகள் பிழைத்தன. இருவரும் இந்தக் கடலில் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர்கள், கருதுகோளாகத்தான் முன்வைத்தார்கள். அழகான கருதுகோள் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால் தளர்கிறது. அடுத்த ஆண்டே ஸ்கிப் மெக்கின்னல் என்ற கடலியலாளர் எதிர்வாதம் எழுதினார். ஆகஸ்டில் ஃபிரேசர் குஞ்சுகள் நடுவளைகுடாவில் இருப்பதில்லை. கரையோரத்து ஆழம் குறைந்த கடல் வழியாக வடக்கே போய்க்கொண்டிருக்கும், நடுக்கடலுக்குத் திரும்புவது அதற்கு அப்புறம். இந்தக் கடலில் பாசியை மீனாக மாற்றும் முக்கியமான இடைத்தரகர் நியோகலானஸ் என்ற பெரிய கோப்பிபோடு. அது வசந்தத்தில் மேய்ந்து கொழுத்து, கோடையின் நடுவிலேயே உறக்கத்துக்காக ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆகஸ்டில் விருந்து வந்தபோது பெரும்பாலானவை பந்தியிலேயே இல்லை. தவிர, ஃபிரேசரின் கிளையான ஆடம்ஸ் ஆற்று மீன்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருவரத்தாக வருபவை. 2002, 2006, 2010 அந்த வரிசை. 2009இன் வீழ்ச்சியோடு ஒப்பிடுவதும் பொருந்தாது; அந்த மீன்கள் 2007இல் கடலுக்குள் போனவை. சாம்பல் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்பதற்கு மேல் எதையும் நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கதை அதற்குள் ஊர் சுற்றிவிட்டது. 2012 ஜூலையில், கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹைடா குவாய் தீவுகளுக்கு மேற்கே ஒரு படகிலிருந்து சுமார் 100 டன் இரும்பு சல்பேட்டைக் கடலில் கொட்டினார்கள். பணம் போட்டது ஓல்ட் மாசெட் என்ற ஹைடா பழங்குடி கிராமம். 25 லட்சம் டாலர். சால்மன் திரும்பும், காற்றிலிருந்து அகற்றிய கரியமிலவாயுவுக்கான ‘கார்பன் வரவு’ சான்றுகளை விற்றும் சம்பாதிக்கலாம் என்ற நம்பிக்கை. 2008இன் சாம்பலும் 2010இன் மீனும் இந்தத் திட்டத்துக்கு முன்னுதாரணமாகக் காட்டப்பட்டன. வரலாற்றில் அதுவரை யாரும் இவ்வளவு இரும்பைக் கடலில் தூவியதில்லை. அக்டோபரில் செய்தி வெளியானதும் உலகமெங்கும் கண்டனம் எழுந்தது. கடலில் கழிவு கொட்டுவதை ஒழுங்குபடுத்தும் லண்டன் ஒப்பந்த நாடுகள், முறையான அறிவியல் ஆய்வைத் தவிர வேறெதற்கும் கடலுக்கு உரமிடக் கூடாது என்று 2008 அக்டோபரிலேயே தீர்மானித்திருந்தன.

மீனை நம்பி வாழும் ஒரு கிராமத்தின் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆற்றுக்கு மீன் வராமல் போவது அவர்களுக்குச் சோற்றுப் பிரச்சினை, மரபுப் பிரச்சினை. என் கோபம் அரைகுறை ஆதாரத்தை முழு உறுதியாக அவர்களிடம் விற்றதன் மேல். இரும்பு விழுந்தால் பாசி வளரும் என்பதற்கு இருக்கும் உறுதியை, மீன் வரும் என்பதற்கும் சேர்த்து எழுதிக்கொடுத்தது அநியாயம். எந்தப் பாசி வளரும் என்பதும் நம் கையில் இல்லை. பி நிலையத்து நீரில் இரும்பு சேர்த்து நடத்திய சோதனைகளில் சூடோநிட்ஷியா என்ற டயாட்டம் பெருகி, டோமோயிக் அமிலம் என்ற நரம்பு நச்சை அதிகம் சுரந்ததை 2010இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். சிப்பி வழியாகவும் மீன் வழியாகவும் கடற்சிங்கங்களையும் மனிதர்களையும் வந்தடையக்கூடிய நச்சு அது.

அதன் பிறகு

கசடோச்சி தனி நிகழ்வாக நின்றுவிடவில்லை. 2019 இறுதியில் ஆஸ்திரேலியக் காடுகள் பற்றி எரிந்தபோது எழுந்த புகை தெற்கு பசிபிக்கைக் கடந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போனது. தெற்குப் பெருங்கடலும் நைட்ரேட் நிறைந்த, இரும்பு வற்றிய கடல். 2019 டிசம்பர் முதல் 2020 மார்ச் வரை அங்கே வழக்கத்தை மீறிய பாசிப் பெருக்கம் இருந்ததை 2021இல் ஒரு பன்னாட்டுக் குழு காட்டியது. டாஸ்மேனியாவில் பிடித்த காற்றுத் துகள்களில் இரும்பு இருந்தது, கடலுக்குள் மூழ்கி எழும் தானியங்கி மிதவைகளும் ஏற்றத்தைப் பதிவு செய்திருந்தன. புகை நின்ற பிறகும் பெருக்கம் மாதக்கணக்கில் நீண்டது. விழுந்த இரும்பு ஒரே முறையில் தீர்ந்துவிடாமல், மேய்ச்சலும் சிதைவும் வழியாக மேலடுக்கிலேயே மறுபடி மறுபடி சுழன்றது என்பது பின்னர் வந்த விளக்கம். காடுகள் அடிக்கடி எரியும் காலத்தில் இந்த வழி இன்னும் முக்கியமாகும்.

இப்போது வடகிழக்குப் பசிபிக்கிலேயே கடலுக்கு இரும்பிடும் சோதனைகளை மறுபடி நடத்தலாம் என்று சில ஆய்வாளர்கள் வெளிப்படையாகத் திட்டம் வைத்திருக்கிறார்கள். ஆய்வாக நடந்தால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அனுமதி தரும் முன் மூன்று அளவீடுகளையாவது கட்டாயமாக்க வேண்டும். பல நூறு மீட்டர் ஆழத்தைத் தாண்டி இறங்கும் கார்பன் எவ்வளவு. இங்கே தின்று தீர்த்த நைட்ரேட்டாலும் சிலிக்காவாலும் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கத்துக் கடலுக்கு என்ன குறைந்தது. நீரில் டோமோயிக் அமிலம் எவ்வளவு. பச்சையம் ஏறிய படத்தை மட்டும் காட்டி யாராவது வெற்றி என்று சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. பச்சையம் ஏறும் என்பது 2008 ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டது.